கூலவாணிகனின் வாரிசுகளுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருந்துகொண்டு மாயக்கதை எழுதும் இளையோருக்கு இந்த மடல்.

வானில் பறக்கும் பெண், எடுக்க எடுக்கச் சோறு குறையாத பாத்திரம், வரப்போவதைச் சொல்லும் தூண் சிற்பம், ஒரு பட்டினத்தையே விழுங்கும் கடல். இத்தனையையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தவர் ஒரு தானிய வியாபாரி. மணிமேகலையின் பதிகம் சாத்தனாரைக் கூலவாணிகன் என்றுதான் சொல்கிறது. அவர் மதுரைக்காரர். ஆனால் அவருடைய கதை தொடங்குவது காவிரி கடலில் கலக்கும் புகாரில், அதாவது உங்கள் மண்ணில்.

உங்களில் பலர் கல்லூரியில் படிக்கிறீர்கள். சிலர் ஜவுளிக்கடையில் நிற்கிறீர்கள், சிலர் அப்பாவோடு களத்துமேட்டில் மூட்டை தைக்கிறீர்கள். இரவு கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறீர்கள். உங்களிடையே இரண்டு கவலைகள் ஓயாமல் சுற்றிவருகின்றன. வேறு பிழைப்பில் மாட்டிக்கொண்டால் எழுத்து செத்துவிடுமோ என்பது ஒன்று. மாயம் எழுத வேண்டுமென்றால் இந்த வயலையும் வாய்க்காலையும் விட்டு, பனிமலையும் கற்கோட்டையும் உள்ள ஏதோ ஒரு நாட்டுக்குப் போயாக வேண்டுமோ என்பது மற்றொன்று. இந்த வட்டாரத்தில் உங்களுக்கு முன்னால் எழுதியவர்களின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்லவே இந்த மடல்.

முதலில் அமுதசுரபி என்ற அந்தப் பாத்திரத்தைப் பாருங்கள். அது வெறும் அதிசயப் பொருள் இல்லை, அதற்கு விதிகள் உண்டு. ஆபுத்திரன் என்பவன் கையில் இருந்தபோது அது பசித்தவர்களுக்கெல்லாம் சோறிட்டது. அவனை முறியடிக்க இந்திரன் பாத்திரத்தைப் பிடுங்கவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்யவைத்தான், அவ்வளவுதான். வயல் விளைந்தது, பசி தீர்ந்தது, பாத்திரத்தைத் தேடி வர ஆளில்லை. பசித்தவர்களைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பலேறிய ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் தனியாக விடப்பட்டான். தன் ஒருவன் வயிற்றை மட்டும் அதில் நிரப்பிக்கொள்ள மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். ஆண்டுக்கொரு முறை, வைகாசி விசாகத்தன்று மட்டும் பாத்திரம் நீருக்கு மேலே வரும். மணிமேகலை கையில் அது கிடைத்த பிறகும் உடனே சோறு சுரக்கவில்லை. முதல் பிச்சையை ஆதிரை என்ற பத்தினிப் பெண் இட வேண்டியிருந்தது.

பசி இல்லாத ஊரில் பயனற்றுப் போகும் மாயப் பாத்திரம்! நல்ல விளைச்சலில் விலை விழுவதையும் பஞ்சத்தில் ஒரு படிக்குச் சண்டை நடப்பதையும் கண்ட ஒருவருக்குத்தான் இப்படி ஒரு கற்பனை எழும் என்று தோன்றுகிறது. தானியக் கடை சாத்தனாரின் மாயத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. அந்த மாயத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

வானில் பறக்கும் பெண்ணான காயசண்டிகையின் கதையும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் ஒரே ஒரு நாவற்கனியை அவள் தெரியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். அதை உண்ணக் காத்திருந்த முனிவர் சபிக்கிறார். அடுத்த கனி பழுக்கும்வரை, அதே பன்னிரண்டு ஆண்டு, அவள் வயிற்றில் யானைத்தீ என்னும் தீராப் பசி எரியும். பறக்கும் மந்திரமும் மறந்துபோகும். குற்றத்தின் அளவே தண்டனையின் அளவு. மாயக்கதை எழுதுகிறவர்கள் இன்று ‘விதிமுறை உள்ள மாயம்’ என்று பெரிதாகப் பேசுவது இதைத்தான்.

இந்த நூல் நமக்குக் கிடைத்ததிலும் ஒரு கும்பகோணத்து வாத்தியாரின் வேலைநாள் இருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். மணிமேகலைச் சுவடிகள் கைக்கு வந்தபோது அதிலிருந்த சமயச் செய்திகள் பிடிபடவில்லை. அது பௌத்த நூல் என்பதைச் சொன்னவர் உடன் பணியாற்றிய ரங்காசாரியார். அதன் பிறகு ஐயர் வகுப்பு முடிந்த நேரங்களில் அவரிடம் பௌத்தம் படித்தார். 1898-இல் பதிப்பு வெளிவந்தபோது அதோடு புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் எழுதிச் சேர்த்திருந்தார். சம்பளத்துக்குப் பாடம் நடத்திவிட்டு மிச்ச நேரத்தில் செய்த வேலை இது. பூம்புகாருக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் பல்லவனீச்சரத்திலும் இறங்க வேண்டும். அகழாய்வில் வெளிப்பட்ட பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது. புத்தரைப் பாடிய அந்தக் கதை எந்த மண்ணில் நின்று பேசியது என்று அங்கே விளங்கும்.

அரிசி வியாபாரம் சாத்தனாரோடு முடிந்துவிடவில்லை. குடவாசல் பக்கம் செம்மங்குடியில் 1907-இல் பிறந்த மௌனி கணிதப் பட்டதாரி, வயலின் வாசித்தவர், பல ஆண்டுகள் கும்பகோணத்தில் வாழ்ந்தவர். பிறகு சிதம்பரத்தில் குடும்பத்தின் அரிசி ஆலையைப் பார்த்துக்கொண்டார். ஆலையின் இரைச்சலும் உமித் தூசியுமான அந்த வாழ்க்கைக்கு நடுவே, கனவா நனவா என்று வாசகர் திகைத்து நிற்கும் கதைகளை எழுதினார். ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் தூணின் யாளி கல்லாகவே இருந்துவிடுவதில்லை. வாழ்நாளில் அவர் எழுதியவை சுமார் 24 கதைகளே. இன்றைய எழுத்துச் செயலிகளின் வேகத்துக்கு அது ஒரு மாதச் சரக்கு. ஆனால் தமிழ்ச் சிறுகதையைப் பற்றி யார் பேசினாலும் அந்த 24-ஐத் தாண்டிப் போக முடிவதில்லை.

எம்.வி. வெங்கட்ராமிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

கும்பகோணத்தில் 1920-இல் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பதினாறு வயதில், 1936-இல், ‘மணிக்கொடி’ இதழில் முதல் கதை வந்துவிட்டது. எழுத்தாளர்கள் தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் நண்பர்கள். தொழில் பட்டு ஜரிகை வியாபாரம். கையில் பணம் இருந்தபோது ‘தேனீ’ என்று ஓர் இலக்கிய மாத இதழ் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. வியாபாரமும் சரிந்தது. பிறகு குடும்பத்தைக் காப்பாற்ற அவர் செய்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பதிப்பகத்துக்காகச் சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாறுகள், மொழிபெயர்ப்புகள் என்று எழுதிக் குவித்தார். பெரிய நாவல்கள் இவற்றுக்கு இடையில்தான் வந்தன.

‘நித்யகன்னி’ மகாபாரதத்து மாதவியின் கதை. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் மீண்டும் கன்னியாகிவிடும் வரம் பெற்றவள் அவள். குருதட்சிணையாக ஒரு காது கறுத்த எண்ணூறு வெள்ளைக் குதிரைகளைச் சேர்க்க வேண்டிய காலவன், குதிரைக்கு ஈடாக அவளை அரசன் மாற்றி அரசனிடம் கொண்டுபோகிறான். இதிகாசம் வரம் என்று சொன்னதை வெங்கட்ராம் அந்தப் பெண்ணின் பக்கம் போய் நின்று பார்த்தார். வரமே வதையாக மாறியது. மாயத்தை விரிக்க அவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்த மாயத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். இருநூறு குதிரைக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கு அவர் கண்ணுக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு நாளும் சரக்குக்கு விலை பேசிய மனிதர் அவர்.

‘காதுகள்’ 1992-இல் வெளிவந்தது, 1993-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதன் நாயகன் மகாலிங்கம், முருக பக்தன், வியாபாரத்தில் நொடித்தவன். அவன் காதுக்குள் குரல்கள் புகுகின்றன. அவை ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, காளி என்று சொல்லிக்கொண்டு ஆட்டிவைக்கின்றன. உருவங்கள் வந்து நாடகம் நடத்துகின்றன. அடுப்பில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்ற கேள்வி அதற்கு நடுவிலும் நிற்கவில்லை. உலகத்து மிகுபுனைவுகளோடு வரிசையில் வைக்கத்தக்க நாவல் அது. ஆனால் எழுதியவருக்கு அது புனைவு இல்லை. பல ஆண்டுகள் தான் பட்ட பாடு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வேதனைப்பட்டால்தான் இப்படி எழுத முடியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குரல்கள் வெங்கட்ராமிடமிருந்து எழுதும் காலத்தைப் பறித்தன. நாவலை எழுதியது நோய் இல்லை, பதினாறு வயதிலிருந்து பழகிய அவருடைய கை. உங்களுக்கோ உடன் எழுதுகிறவர்களுக்கோ அப்படிக் குரல்கள் கேட்கத் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கதை எங்கும் ஓடிவிடாது.

கல்கியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2022-இலும் 2023-இலும் வந்த இரண்டு படங்களுக்குப் பிறகு ‘பொன்னியின் செல்வன்’ வாங்காத வீடு இங்கே குறைவு. அது மாயக்கதை இல்லை, சரித்திர நாவல்தான். ஆனாலும் கண்ணால் காணாத ஓர் உலகத்தைக் கட்டும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல பட்டறை இல்லை. கல்கி மயிலாடுதுறைக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்தவர், ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியை விட்டவர், 1941-இல் சொந்தப் பத்திரிகை தொடங்கியவர். 1950 அக்டோபரில் அந்த வார இதழில் தொடரை ஆரம்பித்து மூன்றரை ஆண்டுக்கு மேல் எழுதினார். தலையங்கமும் அரசியல் கட்டுரையும் இசை விமர்சனமும் அதே கையால்தான் வந்தன. ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய் இடங்களைப் பார்த்தார். வாரா வாரம் அச்சுக்குப் போகும் கதையில் முதல் அத்தியாயத்தை இன்னொரு முறை திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

அவர் கையில் இரண்டு ஆராய்ச்சியாளர்களின் நூல்கள் இருந்தன. ஒருவர் நீலகண்ட சாஸ்திரி. இன்னொருவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார். பண்டாரத்தாரை உங்கள் ஊர் மறக்கக் கூடாது. திருப்புறம்பியத்தில் பிறந்து, கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக நெடுங்காலம் இருந்து, கிடைத்த நேரமெல்லாம் கோயில் கோயிலாகக் கல்வெட்டு படித்தவர். அவருடைய சோழர் வரலாற்றின் முதல் பகுதி 1949-இல் வந்தது, மறு ஆண்டே கல்கியின் தொடர் ஆரம்பமானது. நந்தினியும் கூட்டாளிகளும் கூடும் திருப்புறம்பியம் பள்ளிப்படை இருப்பது அந்த ஆசிரியரின் சொந்த ஊரில்.

அந்த நாவலில் எது கல்லில் இருக்கிறது, எது கல்கியின் மனத்தில் பிறந்தது என்று பிரித்துப் பார்ப்பது எழுதுகிறவர்களுக்கு நல்ல பயிற்சி. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. நந்தினி முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவனோ தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவன் என்ற அளவில் வரும் ஒரு பெயர். குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து, ஆடிப் பதினெட்டாம் பெருக்கைப் பார்த்து வாய்பிளக்கும் வாலிபன் அந்தப் பெயரிலிருந்து கிளம்பியவன். தொடர் முடிந்ததும் இத்தோடு விட்டுவிட்டீர்களே என்று வாசகர்கள் முறையிட, பாத்திரங்கள் ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று முடிவுரையில் பொறுமையாகச் சொல்லிவைத்தார். 1954 டிசம்பரில், 55 வயதில் காலமானார். பாதியில் நின்ற ‘அமர தாரா’வை மகள் ஆனந்தி குறிப்புகளைக் கொண்டு முடித்தார்.

அதே 1954-இன் ஜூலையில்தான் இங்கிலாந்தில் டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ முதல் பாகம் வெளியானது. அவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர். வருமானம் போதாமல் பள்ளி மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, வெறுமையாக விடப்பட்டிருந்த ஒரு தாளில் எழுதிய வரிதான் ‘ஹாபிட்’ நாவலின் தொடக்கம் என்று அவரே சொன்னார். அடுத்த பெரிய கதையை எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. வாராவாரம் எழுதியவரும் பன்னிரண்டு ஆண்டு எழுதியவரும் ஒரே ஆண்டில் வாசகர் கையில் இருந்தார்கள். உங்கள் வேகம் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் வேகத்தைப் பார்த்து வாடாதீர்கள்.

மறுபடி நம் வட்டாரத்துக்கு வருவோம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் பழமார்நேரியில் 1946-இல் பிறந்த பாலகுமாரன் டிராக்டர் தயாரிக்கும் டாஃபே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ‘உடையார்’ ஆறு பாகங்களில் பெரிய கோயில் எழும்பிய கதையைச் சொல்கிறது. வண்டல் மண் ஊரில் கருங்கல் ஏது? வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இழுக்க மாடும் ஆளும் வேண்டும், அத்தனை பேருக்கும் சோறு வேண்டும், காயம் பட்டவர்களைப் பார்க்க வைத்தியர் வேண்டும். அந்த நாவலின் பலம் இந்தக் கேள்விகளில் இருக்கிறது. தொழிற்சாலையை உள்ளிருந்து பார்த்தவருக்கு இது எளிதாக வந்திருக்கும்.

இனி உங்கள் கதைகளுக்கு வருவோம். உங்களில் பலர் கட்டும் உலகங்களில் ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது. பேரரசனின் படை புறப்படுகிறது, அவர்கள் தின்னும் நெல் எங்கே விளைந்தது என்று கதை கேட்பதில்லை. நீங்களோ வேறு விதமாக வளர்ந்தவர்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்பதைப் பொறுத்து வீட்டில் குறுவையா, ஒரே சம்பாவா என்று பேச்சு நடப்பதைக் கேட்டவர்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாளாகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். கடைமடைக்குப் போவதற்குள் எத்தனை மதகு, எத்தனை தகராறு! ஒரு நதியின் கதவு வேறொரு நாட்டில் இருக்கிறது, அது திறக்கும் நாளைப் பொறுத்தே ஒரு நாடு உண்ணும் என்ற நிலையை வேற்றுலகக் கதைக்காரர்கள் முயன்று கற்பனை செய்ய வேண்டும். உங்களுக்கு அது வாசலில் கிடக்கிறது. அதை எழுதினால் ஊர்க்கதையாகிவிடும் என்ற தயக்கம் வேண்டாம். மணிமேகலையும் ஒரு பட்டினத்தின் பசியைப் பற்றிய கதைதான்.

அரசர்களையும் கொஞ்ச காலம் சும்மா விடலாம். ராசராசனும் ராசேந்திரனும் நிறைய எழுதப்பட்டுவிட்டார்கள். ஒவ்வொரு புதுக் கதையிலும் அரண்மனைச் சதியே வருகிறது.

அரசர்களுக்குப் பதிலாக எழுத ஆட்கள் வேண்டுமென்றால், பெரிய கோயில் திருச்சுற்று மதிலில் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அது முழுவதும் அச்சில் கிடைக்கிறது. ராசராசன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய பட்டியல் அது. எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு (தெரு வரிசை), எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதுவும் ஆடவல்லான் என்று பெயர் சூட்டிய மரக்காலால் அளந்து. நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒருவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவினருக்கு. உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அவர்களே அமர்த்தலாம்.

ஒரு மாயக்கதைக்காரர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கும் உலகக் குறிப்பேட்டுக்குச் சற்றும் குறையாத ஆவணம் இது. திருவாரூரையும் பழையாறையையும் விட்டு வந்த அந்தப் பெண்கள் புதுத் தெருவில் முதல் இரவு என்ன பேசினார்கள் என்று கல் சொல்லவில்லை. தகுதியில்லாத உறவுக்காரன் பங்கைக் கேட்டு வந்தால் என்ன நடந்தது, மரக்காலில் குறைத்து அளந்தவனுக்கு ஆடவல்லான் என்ன செய்தான் என்பதையும் சொல்லவில்லை. ஒரு வரியில் நின்ற பெயரிலிருந்து கல்கிக்கு வந்தியத்தேவன் கிடைத்தான். இங்கே நானூறு பெயர்கள் முகவரியோடு நிற்கின்றன. உங்களில் நானூறு பேர் ஆளுக்கொருத்தியை எடுத்துக்கொண்டாலும் ஒருவர் கதை இன்னொருவர் கதையோடு முட்டாது.

இதற்கு வேலையை விட வேண்டியதில்லை. மூட்டை தைக்கிறவர் மூட்டை தைத்துக்கொண்டே, துணி மடிக்கிறவர் துணி மடித்துக்கொண்டே தொடங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மதிலடியில் நின்று ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுடைய சொந்த ஊருக்குப் பேருந்தில் போய், அந்தக் கோயில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். சம்பா நடவின்போது ஆரம்பித்தால் தை மாத அறுப்புக்குள் முதல் மூன்று அத்தியாயம் கையில் இருக்கும். எழுதியதை உங்களுக்குள்ளேயே படித்துத் திருத்திக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் வெங்கட்ராமும் ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் அப்படித்தான் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து வளர்ந்தார்கள்.